போயர் தளபதியரும் வண்டித்தொடரும்

தென்னாப்பிரிக்கப் போரில் (1899-1902) போயர் குடியரசுகள் வீழ்ந்தமைக்கு ஆங்கிலேயப் படையின் பெருக்கமே காரணம் என்பர். அது மெய்யே. எனினும் போயர் தளபதியரிடையே நிலவிய கருத்து வேறுபாடும் ஆராயத்தக்கது.

முதுதளபதி கிரோன்யே தம் மாட்டுவண்டித் தொடரைக் கைவிட மறுத்தார். மோடர் ஆற்றங்கரையில் பார்டபெர்கில் சூழப்பட்ட அவருக்குத் தெ வெட் ஒரு குன்றைக் கைப்பற்றி வழி திறந்தும், அவர் வெளியேறவில்லை. 1900 பிப்ரவரி 27இல் ஏறத்தாழ 4,000 வீரருடன் சரணடைந்தார். 1881இல் மஜூபாவில் போயர் வென்றதும் ஒரு பிப்ரவரி 27இல்தான்.

மார்ச் 13இல் புளூம்ஃபொன்டெய்ன் வீழ்ந்தபின், சோர்ந்த வீரரைத் தெ வெட் விடுப்பில் வீட்டிற்கு அனுப்பினார். மனமின்றி நிற்போரினும் தாமே திரும்புவோர் மேல் என்பது அவர் கணிப்பு. வீரரே தலைவரைத் தேர்ந்தெடுத்த அமைப்பில் அவருக்கு வேறு வழியும் இல்லை எனலாம். குரூன்ஸ்டாட் போரவை வண்டிகளைக் கைவிடத் தீர்மானித்தது. அம்மாத இறுதியிலேயே சானாஸ் போஸ்ட்டில் 7 பீரங்கிகள் போயர் வசமாயின.

இப்புதிய போர்முறையின் விலையைக் கொடுத்தோர் களத்தில் இல்லாதவர்கள். ஆங்கிலேயர் பண்ணைகளை எரித்து மக்களை முகாம்களில் அடைத்தனர். அங்கு ஏறத்தாழ 28,000 போயர் மாண்டனர், பெரும்பாலோர் குழந்தைகள். தனி முகாம்களில் இறந்த கறுப்பின மக்கள் 14,000க்குக் குறையார். வரலாற்று நூல்கள் நெடுங்காலம் இவர்களைக் கணக்கிலேயே கொள்ளவில்லை.

1902 மே 31இல் வெரீனிகிங்கில் கூடிய போயர் பேராளர்கள் 54க்கு 6 என்ற வாக்கில் உடன்படிக்கையை ஏற்றனர். குடியரசுத் தலைவர் ஸ்டெய்ன் நோயுற்று விலகியிருந்தமையால், அன்றிரவு பிரிட்டோரியாவில் ஆரஞ்சு சுதந்திர நாட்டின் பதில் தலைவராகக் கையெழுத்திட்டவர் தெ வெட்டே.