ஏழு என்று சொன்ன எலெக்ட்ரோடு

குஜராத்துக்கு வேலைக்கு வந்த புதிதில் எனக்குக் கிடைத்த முதல் வேலை, பொட்டாசியம் குளோரைடு பாட்டிலைத் தூக்கிக்கொண்டு ஒரு பெரியவர் பின்னால் நடப்பது. இன்ஸ்ட்ருமென்டேஷன் படித்துவிட்டு இதற்கா இரண்டு நாள் ரயிலில் வந்தோம் என்று நொந்துகொண்டேன். அவரை எல்லோரும் காகா என்பார்கள். நம்மூர் சித்தப்பா மாதிரி.

சாயத் தொழிற்சாலை அது. பி.ஹெச். எலெக்ட்ரோடு ஒவ்வொன்றையும் பார்த்து, உள்ளே திரவம் குறைந்திருந்தால் ஊற்றி நிரப்ப வேண்டும். ஏன் குறைகிறது? அதற்குக் கொஞ்சம் பழைய கதை தேவை.

பி.ஹெச். என்ற அளவுகோலை 1909-இல் கொண்டு வந்தவர் சோரன்சன். கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் பீர் கம்பெனியின் ஆய்வகத்தில் இருந்தவர். அதே 1909-இல் ஜெர்மனியில் ஹேபரும் கிளெமென்சியெவிச்சும் கண்ணாடி எலெக்ட்ரோடு பற்றி எழுதினார்கள். மெல்லிய கண்ணாடிக் குமிழின் இரு பக்கமும் அமிலத்தன்மை வேறுபட்டால் மின்னழுத்தம் உண்டாகும். 25 டிகிரியில் ஒரு பி.ஹெச்.சுக்குச் சுமார் 59 மில்லிவோல்ட். ஆனால் கண்ணாடியின் மின்தடை ரொம்ப அதிகம், சாதாரண மீட்டரால் அளக்க முடியாது. 1934-இல் கலிபோர்னியாவில் எலுமிச்சைச் சாற்றின் புளிப்பை அளக்க முடியாமல் தவித்த நண்பர் ஒருவருக்காக அர்னால்ட் பெக்மன் வால்வு ஆம்ப்ளிஃபயர் வைத்து ஒரு மீட்டர் செய்து கொடுத்தார். பி.ஹெச். மீட்டர் கடைக்கு வந்தது அப்படித்தான்.

கண்ணாடி பாதிக் கதைதான். மின்னழுத்தத்தை எதோடு ஒப்பிடுவது? அதற்கு இன்னொரு எலெக்ட்ரோடு, ரெஃபரன்ஸ். வெள்ளிக் கம்பி, அதன் மேல் சில்வர் குளோரைடு, சுற்றிலும் பொட்டாசியம் குளோரைடு கரைசல். ஒரு சின்னப் பீங்கான் துளை வழியாக இந்தக் கரைசல் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கசிந்துகொண்டே இருக்க வேண்டும். கசிவு நின்றால் அளவு தள்ளாடும். குழாயில் அழுத்தம் அதிகமானால் அழுக்குத் தண்ணீர் உள்ளே ஏறிவிடும். சல்ஃபைடு வந்தால் வெள்ளியே கறுத்துப்போகும். காகா தினமும் நடந்தது இந்தக் கசிவுக்காகத்தான்.

இதற்கான மாற்று வேறொரு துறையில் முன்பே இருந்தது. லெக்லான்ஷே 1866-இல் செய்த பேட்டரி திரவம் தளும்பும் ஜாடி. 1880-களில் கார்ல் காஸ்னர் அதே உப்பை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் குழைத்து ட்ரை செல் ஆக்கினார். பிறகு மாவுப்பசை வந்தது. டார்ச் லைட்டைத் தலைகீழாகப் பிடிக்க முடிகிறதென்றால் அதனால்தான். ஆய்வகத்திலோ அகர் அகரில் பொட்டாசியம் குளோரைடு சேர்த்துக் காய்ச்சி உப்புப் பாலம் செய்வார்கள். நோன்பு நாட்களில் நம்மூரில் செய்யும் கடல்பாசி இருக்கிறதே, அதேதான். பாலும் சர்க்கரையும் இல்லாமல் உப்பு! எலெக்ட்ரோடுக்குள்ளும் இப்படி ஒரு கெட்டிக்கூழை அடைத்ததுதான் ஜெல் எலெக்ட்ரோடு. ஊற்ற வேண்டாம், தளும்பாது, அழுத்தத்தையும் ஓரளவு தாங்கும். விலை, பொறுமை. உப்பு ஓடி வெளியே வராது, மெல்லப் பரவித்தான் வரும். தீர்ந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான்.

எங்கள் ஆலையில் ஜெல் வந்தபோது மிகவும் சந்தோஷப்பட்டவன் நான். காகா மட்டும், "பேட்டா, நல்ல சாமான்தான். ஆனா இனிமே யாரும் அது பக்கம் போக மாட்டாங்க" என்றார்.

அப்படியே நடந்தது. கழிவுநீர் வெளியேறும் இடத்தில் மூன்று நாள் 7 காட்டியது. கோடு போட்ட மாதிரி 7. கண்ட்ரோல் ரூமில் எல்லோருக்கும் திருப்தி. நான்காம் நாள் வழக்கமில்லாமல் காகா காகிதத்தை நனைத்துப் பார்த்தார். சிவந்துவிட்டது. எலெக்ட்ரோடைக் கழற்றி 4 பஃபரில் வைத்தேன். அப்போதும் 7. கண்ணாடியில் மயிரிழை விரிசல்.

இங்கேதான் விஷயம். கண்ணாடிக்கு உள்ளே இருக்கும் கரைசலின் பி.ஹெச். பெரும்பாலும் 7. விரிசல் விட்டால் இரு பக்கமும் ஒன்றாகி மின்னழுத்தம் பூஜ்யத்துக்கு வந்துவிடும். பூஜ்யம் என்றால் மீட்டரில் 7. அதாவது, செத்துப்போன எலெக்ட்ரோடு "எல்லாம் நலம்" என்று சொல்லும். கழிவுநீருக்குச் சுற்றுச்சூழல் விதிகளின் பொதுத் தரம் 5.5 முதல் 9.0. 7-க்கும் 4-க்கும் இடையில் அமிலத்தன்மை ஆயிரம் மடங்கு.

விரிசலுக்கு ஜெல் காரணமில்லை. திரவ எலெக்ட்ரோடும் உடையும். ஆனால் ஊற்றப் போகிறவன் உடைந்ததையும் பார்த்திருப்பான்.

அன்று லாக் புக்கில் நான் எழுதியது இரண்டே வார்த்தை: எலெக்ட்ரோடு மாற்றப்பட்டது. மூன்று நாள் தண்ணீர் என்னவாகப் போனது என்று எழுதவில்லை. சூப்பர்வைசர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. காகா அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனார்.

இப்போது வரும் ட்ரான்ஸ்மிட்டர்கள் கண்ணாடியின் மின்தடையைத் தாங்களே சோதித்து விரிசலைச் சொல்லிவிடும். 2014-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 17 வகைத் தொழில்களுக்கு ஆன்லைன் கண்காணிப்பு வைக்க உத்தரவிட்டது. எண் நேரே வாரியத்துக்குப் போகிறது. நல்லதுதான். என்னிடம் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு இன்றும் முதல் வாரம் பஃபர் பாட்டிலைக் கையில் கொடுத்து நடக்கத்தான் சொல்கிறேன். திட்டுகிறார்கள். திட்டட்டும். ஆடாமல் அசையாமல் 7 நின்றால் போய்ப் பார் என்று மட்டும் சொல்லி வைக்கிறேன்.