ஆண்டெஸ் மலையின் கறுப்புக் கிறிஸ்து

1954ஆம் ஆண்டு, பாரிசு நகரில் இசைத்துக்கொண்டிருந்த மேரி லூ வில்லியம்ஸ், பியானோவை விட்டு எழுந்து சென்றார். அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஜாஸ் இசையில் முன்வரிசைக் கலைஞர் அவர். இரவு விடுதிகளின் புகழ் அவருக்குக் கசந்துவிட்டது. செபத்திலும், நலிவுற்ற இசைக்கலைஞர்களைப் பேணுவதிலும் நாள்களைச் செலவிட்ட அவர், 1957இல் நியூயார்க்கில் ஞானஸ்நானம் பெற்றார். இசையைத் துறக்க வேண்டாம், அதையே செபமாக ஒப்புக்கொடுக்கலாம் என்று குருக்கள் சிலர் அவரைத் தேற்றினர். அவர்களுள் ஒருவர் இயேசு சபைக் குரு அந்தோணி உட்ஸ்.

1962 மே 6 அன்று, திருத்தந்தை 23ஆம் அருளப்பர், மார்ட்டின் தெ போரசுக்குப் புனிதர் பட்டம் வழங்கினார். ஸ்பானியத் தந்தைக்கும், அடிமைத்தளையினின்று விடுபட்ட ஆப்பிரிக்க இனத் தாய்க்கும் 1579இல் லீமாவில் பிறந்தவர் இவர். சாமிநாதர் சபை மடத்தில் துடைப்பமேந்திப் பெருக்கினார், நோயாளரைப் பேணினார். தம் இனத்தின் துயரை இப்புனிதரிடம் கண்ட மேரி லூ, அவருக்கு ஒரு புகழ்ப்பாடல் அமைத்தார். சொற்களை எழுதியவர் உட்ஸ் அடிகளாரே.

அப்பாடலில் பெரும்பகுதி பக்கவாத்தியம் இல்லாத பாடகர் குழுவின் குரல்தான். இடையே சிறிது நேரம் மட்டும் பியானோ ஆப்பிரிக்கத் தாளத்தோடு ஒலித்து, மீண்டும் மௌனமாகிறது. 1903இல் புனித பத்தாம் பத்திநாதர் வெளியிட்ட ஆணை, பியானோவை ஆலயத்தில் இசைக்கலாகாதென விலக்கியிருந்தது என்பதை நாம் நினைவிற்கொண்டால், அச்சிறு இடைவெளியின் பொருள் விளங்கும்.

'ஆண்டெஸ் மலையின் கறுப்புக் கிறிஸ்து' என்ற பெயரில் 1964இல் இசைத்தட்டு வெளிவந்தது. அதை மேரி லூ தம் சொந்த நிறுவனத்தின் வழியே வெளியிட்டார். 'கிறிஸ்துவின் ஆன்மா' என்னும் பழைய செபமும், நாடக மேடைப் பாடலும் அதில் அருகருகே நின்றன. வரவேற்பில் பாராட்டும் தயக்கமும் கலந்திருந்தன. ஜாஸ் அன்பர் சிலருக்கு அதில் பக்தி மிகுதி. பக்தர் சிலருக்கு ஜாஸ் மிகுதி. எனினும் 1968இல் பிரெஞ்சு இசைத்தட்டுக் கழகம் அதற்குப் பெரும்பரிசு அளித்தது. 1975இல் நியூயார்க்கின் புனித பத்திரிசியார் பேராலயத்தில் அவரது ஜாஸ் திருப்பலி இசை முழங்கியது. 1981இல் அவர் இறைவனடி சேர்ந்தார்.

விமர்சகர் கேட்டது, இது எவ்வகை இசை என்பதே. நாம் கேட்க வேண்டியதோ வேறு. துடைப்பமேந்திய கையைப் பீடத்தில் ஏற்றிய திருச்சபை, அக்கைக்குரியோரின் தாளத்தை மட்டும் வாசலில் நிறுத்துவது முறையாகுமா? மாசு கருவியில் இல்லை. அதை எதற்குப் பயன்படுத்துகிறோமோ, அந்த நோக்கத்தில்தான் உள்ளது. வெறுத்து எழுந்து சென்ற அதே பியானோவின்முன் செபிக்க அமர்ந்த அம்மையாரின் வாழ்வு, நமக்கு இதையே உணர்த்துகிறது.