ஓநாய்க் குழியும் ஸ்தூபியும்

லடாக்கில் முதுகுப்பையோடு நடக்க ஆரம்பித்து மூன்றாவது நாள். பாதையிலிருந்து கொஞ்சம் விலகி ஒரு கல்வட்டம் கண்ணில் பட்டது. எட்டிப் பார்த்தால், உள்ளே ஆள் உயரத்துக்கு மேல் ஆழம். கற்களை அடுக்கிக் கட்டிய சுவர், மேலே வர வர உள்பக்கமாகச் சாய்ந்து, வாய் குறுகியிருந்தது. நம்மூர்க் குதிர் மாதிரி ஒரு வடிவம். பழைய ஆட்டுப்பட்டியாக இருக்கும்னு முதலில் நினைத்தேன். ஆனால் பட்டி என்றால் வாசல் வேண்டுமே? இதற்கு வாசலே இல்லை.

அன்று இரவு தங்கிய வீட்டில் கேட்டேன். அந்த வீட்டு ஆமா-லே (லடாக்கில் அம்மா வயதுள்ளவர்களை அப்படித்தான் கூப்பிட வேண்டும்) சாணி வறட்டியை அடுப்பில் போட்டுக்கொண்டே ஒரே வார்த்தையில் பதில் சொன்னார்: "ஷங்டோங்." ஷங்கு என்றால் ஓநாய். டோங் என்றால் குழி.

அது வேலை செய்யும் விதம் ரொம்ப எளிமையானது. குழிக்குள் உயிருள்ள ஓர் ஆட்டையோ வேறு கால்நடையையோ இறக்கிவிடுவார்கள். சத்தமும் வாசமும் பிடித்து ஓநாய் வரும், உள்ளே குதிக்கும். குதிப்பது சுலபம். சுவர் உள்பக்கமாகச் சாய்ந்திருப்பதால் திரும்ப ஏற முடியாது. விடிந்ததும் ஊரே திரண்டு வந்து கல்லால் அடித்துக் கொல்லும். இப்படிப்பட்ட குழிகள் லடாக்கின் பல பள்ளத்தாக்குகளில் இன்றைக்கும் இருக்கின்றன.

நான் அங்கே போனது பனிச்சிறுத்தையைத் தேடி. திரும்பி வந்தபோது மனசில் நின்றதோ இந்தக் குழிதான். காட்டுயிர் பார்க்க மலையேறுவது என்ற பழக்கம் எங்கிருந்து வந்தது, அதில் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்று அதன் பிறகு தேடிப் படித்ததன் குறிப்புகள்தான் இவை.

முதலில் இடத்தைப் பற்றி. லே நகரமே சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே ஒரு வருஷம் முழுக்கப் பெய்வது ஏறக்குறைய 10 சென்டிமீட்டர்தான். மழை மேகத்தை இமயமலை தெற்கிலேயே நிறுத்திவிடுகிறது. அதனால் இது மலையும்தான், பாலைவனமும்தான். பனி உருகி ஓடும் ஓடைக்கரையில் மட்டும் பார்லி வயலும் வில்லோ மரமும். மற்றதெல்லாம் கல்லும் மண்ணும். இதில் பயிரை மட்டும் நம்பிப் பிழைக்க முடியாது. ஆடுதான் சேமிப்பு. பத்து ஆடு போனால் வங்கிக் கணக்கில் இருந்த பணம் போன மாதிரி.

இந்தப் பள்ளத்தாக்குகளுக்கு விலங்கு தேடி நடந்து வந்த வெளியாட்களில், எழுதி வைத்துவிட்டுப் போனவர்கள் பெரும்பாலும் துப்பாக்கிக்காரர்கள். 19-ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகளுக்கு விடுமுறை கிடைத்தால் காஷ்மீர் வழியாக லடாக். மலையாடு, பரல் என்னும் நீல ஆடு, ஷாபு என்னும் காட்டுச் செம்மறி, பெரிய சுருள்கொம்பு கொண்ட ந்யான். இவற்றின் கொம்புதான் அவர்களுக்கு வேண்டியிருந்தது. கின்லாக் என்ற அதிகாரி திபெத்திலும் வடமேற்கு மலைகளிலும் ஆடிய வேட்டையைப் பற்றி 1869-லேயே புத்தகம் போட்டுவிட்டார். எந்தப் பள்ளத்தாக்கில் எது கிடைக்கும் என்று சொல்லும் வழிகாட்டி நூல்களும் பின்னாலேயே வந்தன. கூடாரம், அரிசி, துப்பாக்கி எல்லாவற்றையும் சுமந்தது உள்ளூர் ஆட்களும் அவர்களுடைய மட்டக்குதிரைகளும். விலங்கு எங்கே நிற்கிறது என்று முதலில் கண்டு சொன்னதும் உள்ளூர் ஷிகாரிதான். புத்தகத்தின் அட்டையில் வருவது துரையின் பேர்.

அந்தப் பட்டியலில் அதிகம் அடிவாங்கியது ஷாபு. அது சிந்து, ஷ்யோக் ஆறுகளை ஒட்டிய தாழ்வான சரிவுகளில் வாழும் விலங்கு. பாதையும் ஊரும் இருப்பது அதே இடத்தில். கைக்கு எட்டிய விலங்குக்குத்தான் முதலில் ஆபத்து.

1947-க்குப் பிறகு எல்லைப் பிரச்சினைகளால் லடாக் வெளியாட்களுக்கு ஏறக்குறைய மூடியே கிடந்தது. சுற்றுலாவுக்குத் திறந்தது 1974-ல். தற்செயல்தான், ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு நேபாளத்தில் ஒரு நடைப்பயணம் நடந்தது. உயிரியலாளர் ஜார்ஜ் ஷாலரும் எழுத்தாளர் பீட்டர் மத்தீசனும் 1973 செப்டம்பர் கடைசியில் போகராவிலிருந்து கிளம்பி டோல்போ வரை நடந்தார்கள். ஷாலருக்கு ஓர் அறிவியல் கேள்வி: பரல் என்பது செம்மறியா, வெள்ளாடா? மத்தீசன் அதற்கு முந்தைய வருஷம்தான் மனைவியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்திருந்தார். அவருக்கு வேறு கேள்விகள். மத்தீசன் கடைசிவரை பனிச்சிறுத்தையைப் பார்க்கவில்லை. ஆனாலும் 1978-ல் அவர் எழுதிய புத்தகத்துக்குத் தலைப்பே பனிச்சிறுத்தைதான்.

கொம்பு கிடைக்காமல் திரும்பிய வேட்டைக்காரனுக்கு அது தோல்வி. விலங்கையே பார்க்காமல் திரும்பியவனும் கதை சொல்லலாம் என்று ஆனது பெரிய மாற்றம் என்றே நினைக்கிறேன். இன்றைக்கு முதுகுப்பையோடு போகும் என்னைப் போன்றவர்கள், தெரிந்தோ தெரியாமலோ, அந்த வழியில் நடக்கிறோம்.

சரி, ஊர்க்காரர்களின் கதை என்ன? ஹெமிஸ் தேசியப் பூங்கா 1981-ல் அறிவிக்கப்பட்டது. இப்போது அதன் பரப்பு சுமார் 4,400 சதுர கிலோமீட்டர். அதற்குள் ஊர்கள் இருக்கின்றன, ஆடுகள் இருக்கின்றன. பனிச்சிறுத்தை இரவில் பட்டிக்குள் இறங்கிவிட்டால் ஒன்றோடு நிற்பதில்லை. மிரண்டு ஓடும் ஆட்டையெல்லாம் அடிக்கும். ஒரே இரவில் பட்டியே காலியாவதுண்டு. காலையில் அதைப் பார்க்கிற குடும்பத்திடம் "அரிய விலங்கு, ஒன்றும் செய்யாதீர்கள்" என்று சொன்னால் என்ன பதில் வரும்? புலியோடு மோதிச் செத்தவனுக்கு நடுகல் நட்டு, அதைக் கும்பிட்ட ஊர்கள் நம்முடையவை. இது நமக்குப் புரியாத விஷயம் இல்லை.

இங்கேதான் ரின்சென் வாங்சுக் வருகிறார். லடாக்கைச் சேர்ந்த மலையேற்றக்காரர். 1980-களில் நேபாளத்தில் பனிச்சிறுத்தைகளுக்கு முதன்முதலாக ரேடியோ கழுத்துப்பட்டை மாட்டி ஆராய்ந்த ராட்னி ஜாக்சனோடு சேர்ந்து வேலை செய்தவர். 2000-களின் தொடக்கத்தில் அவர்கள் செய்தது இரண்டு எளிய காரியங்கள். ஒன்று, பட்டியின் மேல் கம்பிவலை போட்டு மூடி, கதவை உறுதியாக்குவது. இரண்டு, மலையேற வருபவர்களை வெட்டவெளிக் கூடாரத்தில் தங்க வைக்காமல் ஊர் வீடுகளில் தங்க வைப்பது. எந்த வீட்டுக்கு விருந்தாளி என்பது முறைவைத்து மாறும். வருமானத்தில் ஒரு பங்கு ஊரின் பாதுகாப்பு நிதிக்கு. 2011-ல் ரின்சென் இறந்துவிட்டார். வீடுகள் தொடர்கின்றன. நான் தங்கியதும் அப்படி ஒரு வீட்டில்தான்.

2024 ஜனவரியில் வெளியான முதல் தேசியக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 718 பனிச்சிறுத்தைகள். அதில் 477 லடாக்கில்.

இதோடு முடித்திருந்தால் நல்ல கதை. ஆனால் ஆமா-லே பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னார். சிறுத்தையைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வருகிறார்களாம். "ஷங்குவைப் பார்க்கணும்னு யாரும் வர்றதில்ல."

எனக்குச் சுருக்கென்றது. நானும் அப்படித்தானே வந்தேன்! பரலைத் தின்று, ஆட்டையும் தின்னும் விலங்குதான் இரண்டும். ஒன்றைப் பார்க்கக் காசு வருகிறது, அதனால் அதன்மேல் இருந்த கோபம் தணிகிறது. இன்னொன்றுக்கு வாடிக்கையாளர் இல்லை. சட்டம் இரண்டையும் முதல் அட்டவணையில் வைத்திருக்கிறது. சுற்றுலா அப்படி வைக்கவில்லை.

ஆனால் குழிகளின் கதை அதோடு முடியவில்லை. லடாக்கின் கிழக்கே சாங்தாங் பகுதியில், பஷ்மீனா ஆடு மேய்ப்பவர்களின் நாட்டில், சுஷுல் என்ற ஊர் இருக்கிறது. 2017-க்குப் பிறகு அங்குள்ள மேய்ப்பர்கள், பாதுகாப்பு ஆய்வாளர்களோடும் பௌத்தத் துறவிகளோடும் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். குழியை இடிப்பதில்லை. அது தாத்தா பாட்டன் கட்டியது, அவர்களுடைய கஷ்டத்தின் சாட்சி. அதனால் சுவரில் ஒரு பக்கம் மட்டும் கற்களை எடுத்துவிட்டார்கள். ஏதாவது உள்ளே விழுந்தாலும் வெளியே ஏறி வந்துவிடலாம். பக்கத்தில் ஒரு ஸ்தூபி கட்டினார்கள்.

காசு வராத ஒரு விலங்குக்காக அந்த மனிதர்கள் எடுத்த முடிவு அது. ஆட்டை இழப்பது இன்றும் அவர்கள்தான்.

நான் பனிச்சிறுத்தையைப் பார்க்கவில்லை. எதிர்ச்சரிவில் பரல் கூட்டம் ஒன்றைத் தொலைநோக்கியில் ஒரு மணி நேரம் பார்த்தேன், அவ்வளவுதான். கிளம்பும் நாள் காலையில் ஆமா-லே பட்டியைத் திறந்தார். மேலே கம்பிவலை. ஆடுகளை ஒவ்வொன்றாக வெளியே விட்டபடி எண்ணினார். எண்ணி முடித்த பிறகுதான் என் பக்கம் திரும்பி "ஜூலே" சொன்னார்.