சொந்தச் சேவையகத்தில் குரல் அரட்டை: கூடுதல் செயலிகள் தேவையா? – ஒரு விளக்கம்

கடல் கடந்து வாழும் உறவினர்களுடன் பேச ஒரு தலைமுறை முழுவதும் பயன்படுத்திய ஸ்கைப் சேவையை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 மே 5-ஆம் தேதி நிறுத்தியது. 2003-இல் தொடங்கப்பட்ட அச்சேவையின் பயனர்கள் அந்நிறுவனத்தின் டீம்ஸ் செயலிக்கு மாறும்படி கேட்டுக்கொள்ளப்பட்டனர். அதே ஆண்டு அக்டோபரில், டிஸ்கார்டு நிறுவனத்துக்கு வாடிக்கையாளர் சேவை வழங்கிய வெளி நிறுவனம் ஒன்றில் ஊடுருவல் நிகழ்ந்திருந்தது தெரியவந்தது. வயதை உறுதிப்படுத்தச் சுமார் 70,000 பயனர்கள் அளித்திருந்த அரசு அடையாள அட்டைப் படங்கள் வெளியாகியிருக்கலாம் என்று டிஸ்கார்டு அறிவித்தது.

பிறர் நடத்தும் சேவையில் பேசுவோருக்கு அது எப்போது மூடப்படும், தம் தரவு எவர் கைக்குப் போகும் என்பவற்றில் எந்த அதிகாரமும் இல்லை என்பதை இவ்விரு நிகழ்வுகளும் காட்டின. இதனால் சிறு நிறுவனங்கள், தன்னார்வக் குழுக்கள், கல்வி வட்டங்கள் ஆகியவற்றில் ஒரு பகுதியினர் உரையாடல் சேவையைச் சொந்தச் சேவையகத்திலேயே அமைத்துக்கொள்ள முயல்கின்றனர். அதற்கு உதவும் தளங்கள் குரல் அரட்டைக்கென மேலும் பல செயலிகளைச் சேர்க்க வேண்டுமா என்ற கேள்வி இங்கிருந்தே எழுகிறது.

சொந்தச் சேவையகத் தளம் என்பது என்ன?

வீட்டிலுள்ள சிறு கணினியிலோ, மாத வாடகைக்கு எடுத்த இணையக் கணினியிலோ மின்னஞ்சல், கோப்புச் சேமிப்பு, அரட்டை போன்ற சேவைகளைத் தாமே நிறுவி நடத்துவது 'சொந்தச் சேவையகம்' எனப்படுகிறது. முன்பு இதற்கு லினக்ஸ் கட்டளைகளை நன்கு அறிந்திருக்க வேண்டும். யூனோஹோஸ்ட், கிளவுட்ரான், அம்ப்ரெல் போன்ற தளங்கள் இவ்வேலையை எளிதாக்கியுள்ளன. கைப்பேசியில் செயலியைத் தேர்ந்தெடுப்பது போல, பட்டியலிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பொத்தானை அழுத்தினால் அதனை இத்தளங்களே நிறுவிவிடும்.

இவற்றுள் யூனோஹோஸ்ட், டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட இலவசத் திறந்தமூலத் திட்டமாகும். அதன் பட்டியலில் நூற்றுக்கணக்கான செயலிகள் உள்ளன. அவற்றைப் பொதிந்து பராமரிப்போர் பெரும்பாலும் தன்னார்வலர்கள். ஒவ்வொரு பொதியும் எவ்வளவு நன்றாகச் செயல்படுகிறது என்பதற்குத் தர எண்ணும் வழங்கப்படுகிறது.

இப்போது கிடைப்பவை எவை?

சொந்தச் சேவையகத்தில் நிறுவத்தக்க குரல் சேவைகளை மூன்று வகைகளாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, எப்போதும் திறந்திருக்கும் குரல் அறைகள். 2005-இல் வெளிவந்த மம்பிள் இதில் முதன்மையானது. யாரையும் அழைக்கத் தேவையில்லை. அறைக்குள் நுழைந்தால் அங்கிருப்போருடன் உடனே பேசலாம். இது திறந்தமூல மென்பொருள்; ராஸ்பெரி பை போன்ற சிறு கணினியிலும் இயங்கும். இதே வகையைச் சேர்ந்த டீம்ஸ்பீக், தனியுரிமை மென்பொருள். ஒரே நேரத்தில் 32 பேர் வரை இணையும் சேவையகத்தைக் கட்டணமின்றி நடத்த அதன் மூன்றாம் பதிப்பு அனுமதிக்கிறது.

இரண்டாம் வகை, இணைய உலாவியிலேயே நடைபெறும் கூட்டங்கள். 2003-இல் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர் பல்கலைக்கழகத்தில் மாணவர் ஒருவரின் திட்டமாகத் தொடங்கிய ஜிட்சி, கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் உருவாகி இணைய வகுப்புகளுக்குப் பயன்படும் பிக்புளூபட்டன் ஆகியவை இதில் அடங்கும்.

மூன்றாம் வகை, உரை அரட்டையுடன் அழைப்பு வசதியும் இணைந்தவை. மேட்ரிக்ஸ் நெறிமுறையில் இயங்கும் எலிமென்ட், நெக்ஸ்ட்கிளவுடின் டாக் ஆகியவை எடுத்துக்காட்டுகள். பிரான்ஸ் அரசு தன் ஊழியர்களுக்காக நடத்தும் 'ச்சாப்' என்ற செய்திச் செயலியும் மேட்ரிக்ஸ் அடிப்படையிலானதே.

ஆக, செயலிகளுக்குப் பஞ்சமில்லை. ஆயினும் 'குரல் அரட்டை சரியாக இயங்கவில்லை' என்ற குறை தொடர்கிறது. அதன் காரணம் குரல் பயணிக்கும் வழியில் உள்ளது.

குரல் ஏன் கடினம்?

கோப்புச் சேமிப்பு, வலைப்பதிவு போன்ற சேவைகள் வலைத்தளத்துக்குரிய ஒரே பாதையில் இயங்குகின்றன. தரவு அரை நொடி தாமதமாக வந்தாலும் பயனர் பொருட்படுத்துவதில்லை. குரலின் நிலை வேறு. ஒருவர் பேசியது மற்றவரை 150 மில்லிநொடிக்குள் அடைந்தால் உரையாடல் இயல்பாக அமையும் என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. தாமதம் கூடினால் இருவரும் ஒரே நேரத்தில் பேசுவதும், ஒரே நேரத்தில் நிறுத்துவதுமாகிவிடும்.

எனவே குரல் செயலிகள் பெரும்பாலும் யுடிபி என்ற விரைவு முறையைப் பயன்படுத்துகின்றன. தொலைந்த தரவை மீண்டும் கேட்டு வாங்கக் காத்திராமல் தொடர்ந்து செல்வது இதன் இயல்பு. இதற்கெனத் தனிப் போர்ட் எண்கள் திறந்திருக்க வேண்டும்: மம்பிளுக்கு 64738, ஜிட்சிக்கு 10000, டீம்ஸ்பீக்குக்கு 9987 என்பவை இயல்பான அமைப்புகள். வீட்டு ரவுட்டரோ அலுவலகத் தீச்சுவரோ இவற்றைத் தடுத்தால் விந்தையான நிலை உண்டாகிறது. ஜிட்சியின் வலைப்பக்கம் திறக்கும். அறையில் அனைவரின் பெயர்களும் தெரியும். ஆனால் குரல் மட்டும் கேட்காது. மம்பிள் இந்நிலையில் குரலைச் சாதாரண டிசிபி பாதைக்கு மாற்றிக்கொள்கிறது. அப்போது தாமதம் கூடக்கூடும்.

இரு பயனர்களின் கருவிகள் நேரடியாகத் தொடர்புகொள்ள முடியாதபோது, நடுவில் நின்று குரலைக் கைமாற்றித் தரும் 'டர்ன்' எனப்படும் இடைச் சேவையகம் தேவை. உலாவி வழி அழைப்புகளில் பல தோல்வியுறுவதற்கு இது நிறுவப்படாமையோ தவறாக அமைக்கப்பட்டமையோ காரணமாகிறது. கிளவுட்ரான் தளத்தில் இவ்வசதி உள்ளமைந்தே வருகிறது. இவ்வாறு தளமே பொறுப்பேற்காத இடங்களில் பயனர்தான் அமைத்தாக வேண்டும்.

பாதி நிறுவப்பட்ட செயலிகள்

பட்டியலில் ஒரு செயலியின் பெயர் இருப்பதால் அதன் குரல் வசதி முழுமையாகக் கிடைத்துவிடாது. மேட்ரிக்ஸ் சேவையகத்தை நிறுவியவுடன் உரை அரட்டை இயங்கும். ஆனால் எலிமென்ட் கால் என்ற புதிய முறையில் குழுவாகப் பேச, லைவ்கிட் என்ற ஊடகச் சேவையகமும், அதற்கு அனுமதிச் சீட்டு வழங்கும் மற்றொரு சிறு சேவையும் தேவை.

நெக்ஸ்ட்கிளவுட் டாக்கும் அவ்வாறே. கூடுதல் ஏற்பாடு இல்லாத நிலையில் அழைப்பில் உள்ள ஒவ்வொருவரின் கருவியும் மற்ற ஒவ்வொருவருக்கும் தன் குரலைத் தனித்தனியாக அனுப்புகிறது. ஆறு பேர் பேசினால் ஒவ்வொரு கைப்பேசியும் ஐந்து பிரதிகளை அனுப்ப வேண்டும். இருவர், மூவர் பேசும்போது தோன்றாத சிக்கல், ஆள் கூடியதும் வெளிப்படுகிறது. இதனைத் தீர்க்கும் உயர்திறன் பின்னணிச் சேவையைத் தனியே நிறுவியாக வேண்டும்.

இணையத் திறன் எவ்வளவு தேவை?

இன்றைய குரல் செயலிகள் பலவும் ஓபஸ் என்ற ஒலிச்சுருக்க முறையைப் பயன்படுத்துகின்றன. 2012-இல் இணையத் தரமாக வெளியிடப்பட்ட இது, நொடிக்கு 6 கிலோபிட் முதல் 510 கிலோபிட் வரை இயங்கவல்லது. பேச்சுக்கு 40 கிலோபிட் என்று கொள்வோம். பத்துப் பேர் உள்ள அறையில் ஒருவர் பேசினால், சேவையகம் மற்ற ஒன்பது பேருக்கு அனுப்ப 360 கிலோபிட் போதும். பத்துப் பேரும் ஒரே நேரத்தில் பேசினாலும் 3.6 மெகாபிட்தான். சாதாரண இழை இணைய இணைப்பு இதனை எளிதில் தாங்கும்.

காணொளி சேர்ந்தால் கணக்கு மாறும். ஒருவரின் படத்துக்கு 1 மெகாபிட் என்றால், அந்த ஒருவரை மட்டும் ஒன்பது பேருக்குக் காட்டவே 9 மெகாபிட் தேவை. ஜிட்சிக்கு 8 ஜிபி நினைவகத்தை அதன் ஆவணங்கள் பரிந்துரைக்கின்றன. சிறு அமைப்புகளுக்கு 4 ஜிபி போதலாம். குரல் மட்டும் தேவைப்படுவோர் காணொளிக் கூட்டச் செயலியை நிறுவுவது வீண் சுமையாகும்.

இந்தியாவில் உள்ள தனித் தடை

இந்தியாவில் பல இணைப்புகளுக்குத் தனிப் பொது முகவரி கிடைப்பதில்லை. பழைய ஐபிவி4 முகவரிகள் பற்றாக்குறையாக இருப்பதால், நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்தளிக்கின்றன. ஒரே கதவு எண்ணில் பல குடித்தனங்கள் இருப்பதைப் போன்றது இது. வீட்டிலிருந்து வெளியே செல்வதில் தடையில்லை. வெளியிலிருந்து வரும் அழைப்பு எந்தக் குடித்தனத்துக்கு உரியது என்பதுதான் தெரியாது. ரவுட்டரின் இணைய முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், இணைப்பு இவ்வகையைச் சேர்ந்தது என அறியலாம்.

இதற்கு மூன்று வழிகள் உள்ளன. கூடுதல் கட்டணம் செலுத்தி நிலையான முகவரி பெறுவது முதல் வழி. இந்தியாவில் பரவலாகியுள்ள ஐபிவி6 முகவரியைப் பயன்படுத்துவது இரண்டாவது. ஆனால் பேசவிருக்கும் அனைவரின் இணைப்பிலும் அவ்வசதி இருக்க வேண்டும். மும்பை போன்ற நகரின் தரவு மையத்தில் சிறு இணையக் கணினியை வாடகைக்கு எடுப்பது மூன்றாவது. மின்வெட்டு, இணைப்புத் துண்டிப்பு ஆகியவற்றையும் கருதினால், குழுக்களுக்கு இம்மூன்றாம் வழியே பெரிதும் ஏற்றது.

தனியுரிமையும் சட்டமும்

சொந்தச் சேவையகம் என்றாலே ஒட்டுக்கேட்க முடியாதது என்று எண்ணுவது தவறு. மம்பிளில் குரல், பயனருக்கும் சேவையகத்துக்கும் இடையே குறியாக்கம் செய்யப்படுகிறது. சேவையகத்தில் அது பிரிக்கப்படுகிறது. அதாவது சேவையகத்தை நிர்வகிப்பவர் முனைந்தால் உரையாடலைக் கேட்க முடியும். பெருநிறுவனத்தின் மீது வைத்த நம்பிக்கை இங்கே குழுவின் நிர்வாகிக்கு மாறுகிறது. இதற்கு மாறாக, இரு முனைக் குறியாக்கம் செய்யப்பட்ட மேட்ரிக்ஸ் அழைப்புகளில் நிர்வாகியாலும் உள்ளடக்கத்தைக் கேட்க இயலாது.

சொந்தச் சேவையகம் அரசு நடவடிக்கைகளுக்கு அப்பாற்பட்டதும் அன்று. ஜம்மு-காஷ்மீரில் தீவிரவாதிகள் பயன்படுத்துவதாகக் கூறி, 2023 மே மாதம் மத்திய அரசு 14 செய்திச் செயலிகளை முடக்கியது. அப்பட்டியலில் எலிமென்ட்டும் இருந்தது. எந்த மேட்ரிக்ஸ் சேவையகத்துடனும் இணையவல்ல செயலி என்பதால், சொந்தச் சேவையகம் வைத்திருந்தோரும் ஒரே செயலியை நம்பியிருப்பதன் இடரை அப்போது உணர நேர்ந்தது.

இணையப் பாதுகாப்பு அவசரக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் பிறப்பித்த வழிகாட்டுதலின்படி, சேவை வழங்குநர்களும் நிறுவனங்களும் ஊடுருவல் போன்ற நிகழ்வுகளை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். கணினிப் பதிவேடுகளை 180 நாள்கள் வைத்திருக்க வேண்டும். மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023, தனிநபர் ஒருவர் சொந்த அல்லது குடும்பத் தேவைக்காகக் கையாளும் தரவுக்குப் பொருந்தாது. குடும்பத்துக்காக நடத்தப்படும் சேவையகமும், வாடிக்கையாளருக்காக நிறுவனம் நடத்தும் சேவையகமும் ஒன்றல்ல என்பதைத் தொடங்கும் முன்பே அறிந்துகொள்வது நலம்.

இருதரப்பு வாதங்கள்

மேலும் செயலிகள் வேண்டும் என்போரின் வாதம் புறந்தள்ளத்தக்கதன்று. விளையாட்டுக் குழுவின் தேவையும், வகுப்பறையின் தேவையும், பணியிடத்தின் தேவையும் வெவ்வேறானவை. ஒரே செயலியை நம்பினால், அத்திட்டம் நின்றாலோ முடக்கப்பட்டாலோ மாற்று இருக்காது. ஜிட்சியின் பொதுச் சேவையில் 2023 ஆகஸ்ட் முதல் கூட்டம் தொடங்குபவர் கூகுள், ஃபேஸ்புக், கிட்ஹப் ஆகியவற்றுள் ஒரு கணக்கின் வழியே உள்நுழைவது கட்டாயமாக்கப்பட்டது. மென்பொருள் திறந்தமூலமாக இருந்ததால், அதனை விரும்பாதோர் சொந்தச் சேவையகத்துக்கு மாற முடிந்தது. தேர்வுகள் இருப்பதன் பயன் இதுவே.

போதும் என்போர் பராமரிப்பைச் சுட்டுகின்றனர். பட்டியலில் சேர்க்கும் ஒவ்வொரு செயலிக்கும் பாதுகாப்புத் திருத்தங்களை உடனுக்குடன் வெளியிட ஆள் வேண்டும். குரல் செயலிகள் கூடுதல் போர்ட்களைத் திறந்து வைப்பதால், கவனிப்பாரற்ற பொதி ஒன்று முழுச் சேவையகத்தையும் ஆபத்துக்கு உள்ளாக்கலாம். தன்னார்வலர்களின் நேரம் அளவானது; பத்துச் செயலிகளுக்குப் பங்கிடப்பட்டால் எதுவும் முழுமை பெறாது.

எது தேவை?

இவற்றைச் சீர்தூக்கினால், பற்றாக்குறை செயலிகளின் எண்ணிக்கையில் இல்லை. அவற்றை இயங்கச் செய்யும் அடித்தளத்தில்தான் உள்ளது என்பது தெளிவாகிறது. குரல் அறை, உலாவிக் கூட்டம், அரட்டையுடன் கூடிய அழைப்பு ஆகிய மூன்று வகைகளுக்கும் நன்கு பராமரிக்கப்படும் ஒவ்வொரு செயலியும், மாற்றாக இன்னொன்றும் இருந்தால் பெரும்பாலோரின் தேவை நிறைவேறும். அதற்கு மேல் தளங்கள் செய்ய வேண்டியது, இடைச் சேவையகத்தைத் தாமே அமைத்துத் தருவது, குழு அழைப்புக்கான துணைச் சேவைகளையும் சேர்த்தே நிறுவுவது, தேவையான போர்ட்கள் வெளியிலிருந்து எட்டக்கூடியவையா என்று நிறுவும் முன்பே சோதித்துச் சொல்வது ஆகியவையே.

குழுவாக இம்முயற்சியில் இறங்குவோர் சிறு சோதனை ஒன்றைச் செய்து பார்க்கலாம். வீட்டு இணைப்பில் ஒருவர், கைப்பேசி இணையத்தில் ஒருவர், அலுவலகத் தீச்சுவருக்குப் பின்னால் ஒருவர் என மூவர் ஒரே நேரத்தில் பத்து நிமிடம் பேச வேண்டும். மூவரின் குரலும் மூவருக்கும் தடையின்றிக் கேட்டால், அமைப்பு சரியாக உள்ளது. கேட்காவிட்டால், வேறு செயலியைத் தேடும் முன்பு போர்ட்களையும் இடைச் சேவையகத்தையும் சரிபார்ப்பதே முறை.