பாலம் தாங்கும் பெயர்

பாலங்களுக்கும் சாலைகளுக்கும் ஆள்வோரின் பெயர் சூட்டப்படுவதையே கண்டு பழகியவர்கள் நாம். லடாக்கில், ஷியோக் ஆற்றின்மீது, ஏறத்தாழ 14,650 அடி உயரத்தில், 2019 அக்டோபர் 21 அன்று திறக்கப்பெற்ற 400 மீட்டர் நீளப் பாலமோ அம்மண்ணின் மைந்தர் ஒருவரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதுவே கர்னல் செவாங் ரிஞ்சன் பாலம்.

அவர் 1931-இல் நுப்ராப் பள்ளத்தாக்கின் சுமூர் என்னும் சிற்றூரில் பிறந்தார். 1948-இல், தம் 17-ஆம் வயதில், நுப்ரா கார்ட்ஸ் என்னும் உள்ளூர்க் காவற்படையில் சேர்ந்து போரிட்டு மகாவீர் சக்கரம் பெற்றார். 1971 போரில் துர்துக் பகுதியைக் கைப்பற்றிய படையை நடத்தி, அவ்விருதை இரண்டாம் முறையும் பெற்றார். 1997-இல் மறைந்தார்.

பாலம் எழுந்தது அவர் மறைந்து 22 ஆண்டுகள் சென்ற பின்னரே. அதுகாறும் அவர் பெயர் அழியாதிருந்தமைக்குக் காரணம், அது ஏட்டிலும் மக்கள் நினைவிலும் நிலைத்திருந்தமையே ஆகும்.

இளைஞர்களே! நம் தெருக்களிலிருந்தும் படைக்குச் சென்று மீண்ட முதியோர் உளர். அவர்தம் பெயர், படைப்பிரிவு, கண்ட போர்முனை ஆகியவற்றை இன்றே கேட்டு எழுதி வைப்போம். நாம் எழுதி வைக்காத பெயரைப் பிறர் எங்ஙனம் பொறிப்பர்?