வில்லுப்பாட்டு கேசட்டும் மூணு ஓட்டையும்

போன ஆடி மாசம் ஊருக்குப் போயிருந்தேன். சேரன்மகாதேவி பக்கம் எங்க ஊரு. பெரியப்பா டிரங்குப் பெட்டியைத் திறந்து ஒரு கேசட்டை எடுத்து நீட்டினார். மேல பேனாவுல "கொடை 1988 வில்லு"ன்னு எழுதியிருந்துச்சு. "ஏல, நீ கம்ப்யூட்டர்லதான இருக்க, இத எப்படியாவது அதுக்குள்ள ஏத்திக் குடு"ன்னார். பொட்டி தட்டுறவன்னா மிக்ஸி ரிப்பேர்ல இருந்து ஜாதகம் பிரிண்ட் எடுக்குறது வரைக்கும் நம்ம தலையிலதான் :)

ஹெட்போன் ஓட்டையில வயரைச் செருகி லேப்டாப்ல ஏத்தியிருக்கலாம். ஆனா சென்னையில ரெக்கார்டிங் ஸ்டூடியோவுல வேலை பார்க்குற நண்பன் விடலை. தன்னோட கன்வெர்ட்டரையே குடுத்தனுப்பிட்டான். கேசட் டெக்கில இருந்து வர்ற மின்சார அலையை எண்ணா மாத்துற பெட்டி அது. முன்பக்கம் ரெண்டு மூணு விளக்கு, அவ்வளவுதான். பின்பக்கம் திருப்பினா வெளியே போற வழி மட்டும் மூணு. மைக் வயர் மாதிரி மூணு முள் உள்ள எக்ஸ்எல்ஆர் ஒண்ணு, டிவிடி பிளேயர்ல பார்த்த உருண்டை ஆர்சிஏ ஒண்ணு, சிவப்பு வெளிச்சம் வர்ற சதுர ஓட்டை ஒண்ணு. மூணுலயும் போறது அதே பாட்டு, அதே எண்கள். அப்புறம் எதுக்கு மூணு? தேட ஆரம்பிச்சா அதுக்குப் பின்னாடி நாப்பது வருஷக் கதை இருக்கு.

கொஞ்சம் முன்னாடி போயிருவோம். 1963-ல் திருநெல்வேலி வானொலி நிலையம் ஆரம்பிச்சது. அதே வருஷம்தான் பெர்லின் கண்காட்சியில பிலிப்ஸ் கம்பெனி கேசட்டைக் காட்டுச்சு. ரேடியோ நிலையத்துல ஸ்பூல் டேப்பு, அதுக்குன்னு ஆளு, அதுக்குன்னு அலமாரி. கேசட்டு எங்க ஊருக்கு வந்து சேர இன்னும் இருபது வருஷம் ஆச்சு. வளைகுடா போனவங்க கொண்டு வந்த டேப் ரெக்கார்டர்தான் ஊருக்குள்ள முதல் ரெக்கார்டிங் ஸ்டூடியோ. கல்யாணம், கொடை, பட்டிமன்றம் எல்லாம் அதுலதான். 1992-ல் ரோஜா வந்தப்போ எங்க அப்பா தலைமுறை அதைக் கேட்டதும் கேசட்டுலதான்.

வில்லுப்பாட்டு தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை. நீளமான வில்லு, அதுல வரிசையா மணிகள், அதைத் தட்ட வீசுகோல், கூட உடுக்கை, குடம், தாளம், கட்டை. திருநெல்வேலி பக்கத்துல சத்திரம் புதுக்குளத்துக்காரரான சுப்பு ஆறுமுகம் (1928 – 2022) இதை மேடைக்கும் ஊடகத்துக்கும் கொண்டு போனவர். 2021-ல் பத்மஸ்ரீ வாங்கினார். ஆனா கொடையில ராத்திரி முழுக்க சாமி கதை பாடுற வில்லு வேற. அங்க பாட்டு போற போக்குல சாமி வந்து ஆடும். அந்தக் கதையை அந்த அண்ணாவி அன்னைக்கு எப்படி நிறுத்தி, எப்படி வேகம் ஏத்தினார்ங்கிறது எந்தப் புத்தகத்துலயும் இருக்காது. கேசட்டுல இருந்தாதான் உண்டு.

கேசட்டுல ஒரு வம்பு. ஒவ்வொரு தடவை காப்பி எடுக்கும்போதும் இரைச்சல் கூடும், கூர்மையான சத்தம் குறையும். வில்லுல முதல்ல சாகுறது மணிதான். குடத்தோட "தொம்" தப்பிச்சுக்கும், அண்ணாவி குரலும் ஓரளவு நிக்கும், மணி மட்டும் ரெண்டாவது காப்பியில மங்கி மூணாவதுல இரைச்சலோட இரைச்சலா ஆயிரும். பெரியப்பாகிட்ட இருக்கிறது மூணாவது காப்பி. மூலக் கேசட்டை யாரோ கேட்டு வாங்கிட்டுப் போனாங்க, திரும்ப வரலை.

காப்பி எடுத்தாலும் தேயாத சத்தம் வேணும்னு பெரிய கம்பெனிகள் அப்பவே எண்களுக்குப் போயிட்டாங்க. ஆனா அவ்வளவு எண்ணை எழுதி வைக்க எழுபதுகள்ல தோதான கருவி வீடியோ டேப்புதான். சோனியோட பிசிஎம்-1600 அப்படித்தான் ஓடுச்சு. சிடியில வினாடிக்கு 44,100 எண்கள்னு படிச்சிருப்பீங்க. ஏன் அந்த விசித்திரமான கணக்கு? அமெரிக்க டிவி முறையில வினாடிக்கு 60 தடவை, தடவைக்கு 245 கோடு, கோட்டுக்கு 3 எண். பெருக்கிப் பாருங்க. ஐரோப்பிய முறையில 50 தடவை, 294 கோடு, 3 எண். அதுவும் 44,100. ரெண்டு ஊரு டிவிக்கும் ஒத்து வர்ற எண்ணு அதுதான். (இது தெரிஞ்ச அன்னைக்கு எனக்குத் தூக்கம் வரலை.)

எண்ணா மாத்தியாச்சு, ஒரு பெட்டியில இருந்து இன்னொண்ணுக்கு எப்படி அனுப்புறது? கம்பெனிக்கு ஒரு முறை வெச்சிருந்தாங்க. 1985-ல் ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டியும் ஐரோப்பிய ஒலிபரப்பு யூனியனும் சேர்ந்து ஒரு பொது முறை கொண்டு வந்தாங்க. அதுதான் ஏஇஎஸ்3. அதுக்கு எக்ஸ்எல்ஆர் முள்ளையே எடுத்துக்கிட்டாங்க. ரேடியோ நிலையத்துல சுவத்துக்குள்ள ஓடுறது ஏற்கெனவே அந்த வயர்தானே, புதுசா சுவத்தை உடைக்க யாரு காசு குடுப்பா? கிட்டத்தட்ட அதே அமைப்பை சோனியும் பிலிப்ஸும் வீட்டுக்குன்னு கொஞ்சம் குறைஞ்ச மின்னழுத்தத்துல ஆர்சிஏ ஓட்டையில குடுத்தாங்க. அது எஸ்பிடிஐஎஃப். சதுர ஓட்டை 1983-ல் தோஷிபா கொண்டு வந்தது. தொண்ணூறுகள்ல அலெசிஸ் கம்பெனி அதே சதுர ஓட்டையில எட்டு சேனலை அனுப்ப ஆரம்பிச்சதால, இப்போ பார்த்தா ஒரே மாதிரி இருக்கும், பேசுற பாஷை வேற.

எனக்கு சுவாரசியமாப் பட்டது உள்ள இருக்கிற ஒரு பிட். சத்தத்தோட கூடவே கொஞ்சம் தகவலும் போகும். அதுல முதல் பிட் 1-ன்னா தொழில்முறை, 0-ன்னா வீட்டு உபயோகம். வீட்டு உபயோகம்னா இன்னொரு பிட் வரும், காப்பி எடுக்கலாமா கூடாதான்னு. 1987-ல் டேட் டேப் வந்தப்போ பாட்டுக் கம்பெனிகள் பயந்துட்டாங்க. தேயாத காப்பின்னா யாரு வாங்குவா? அதனால ஒரு தலைமுறை காப்பிக்கு மேல எடுக்க விடாத ஏற்பாடு வந்துச்சு. அமெரிக்காவுல 1992-ல் அதைச் சட்டமாவே ஆக்கிட்டாங்க. தேயுற காப்பியை யாரும் தடுக்கலை, தேயாத காப்பிக்கு மட்டும் பூட்டு. ஸ்டூடியோக்காரங்க ஓட்டையில அந்தப் பூட்டு கிடையாது.

சரி, நம்ம கதைக்கு வருவோம். ஆர்சிஏ வழியா லேப்டாப்பில மாட்டியிருந்த சவுண்ட் கார்டுக்குக் குடுத்தேன். பாட்டு வந்துச்சு, கூடவே சில வினாடிக்கு ஒரு "டிக்". கேசட்டுக் கோளாறுன்னு நினைச்சு ஒரு ராத்திரி வீண். கோளாறு என் மண்டையில. கன்வெர்ட்டர் தன் கடிகாரத்துல எண்ணை அனுப்புது, கார்டு தன் கடிகாரத்துல எடுக்குது. வாய்க்கால்ல தண்ணி வர்ற வேகம் ஒண்ணு, மடையில விடுற வேகம் ஒண்ணுன்னா எங்கேயாவது வழியத்தானே செய்யும். அந்த வயர்லயே கடிகாரமும் சேர்ந்துதான் வருது. எண்ணை எழுதுற முறையே அப்படி. கார்டுல "வெளிக் கடிகாரம்"னு மாத்தினேன், டிக் நின்னுருச்சு.

அப்புறம் நண்பன் போன்ல சொன்னபடி டெக்கோட ஹெட் பக்கத்துல உள்ள சின்ன ஸ்க்ரூவைத் துளித்துளியாத் திருப்பினேன். டேப்பும் ஹெட்டும் சரியா நேர் ஆகுற இடத்துல, இரைச்சலுக்குப் பின்னாடி லேசா, மணி கேட்டுச்சு. முழுசா இல்லை. மூணாவது காப்பியில இருந்து அவ்வளவுதான் வரும்.

பெரியப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். சத்தத்தைப் பத்தி ஒண்ணும் சொல்லலை. நடுவுல ஒரு இடத்துல "இது ஒங்க தாத்தா இருமுறது"ன்னார். நான் அதை இரைச்சல்னு நினைச்சு வெட்ட இருந்தேன்.

குடம் அடிச்சவரோட மகன் வீட்டுல ரெண்டு மூலக் கேசட்டு இருக்குன்னு தகவல். பங்குனி உத்திரத்துக்கு சாஸ்தா கோயிலுக்குப் போறப்போ கேட்டு வாங்கணும். கன்வெர்ட்டரை நண்பன் இன்னும் திருப்பிக் கேக்கலை, நானும் ஞாபகப்படுத்தலை.