அளவை மாற்றிய வில்லை: கருவிழி அளவீட்டு வரலாற்றில் ஒரு குறிப்பு

திருப்பதியிலோ சித்தூரிலோ கண்புரை அறுவைக்கு வருபவரின் கருவிழி வளைவைக் கருவி இன்று சில நொடிகளில் அளந்துவிடுகிறது. ஆனால் அந்த எண் நம்பத்தக்கதா என்பதைக் கருவி மட்டும் சொல்லிவிட இயலாது. ‘காண்டாக்ட் லென்ஸ் அணிவதுண்டா? கடைசியாக எப்போது கழற்றினீர்கள்?’ என்ற கேள்வியும் வேண்டும். இக்கேள்வி எவ்வாறு தோன்றியது என்பது அறிவியல் வரலாற்றில் கவனிக்கத்தக்க ஒரு செய்தி.

கருவிழியை ஒரு குவியாடியாகக் கொண்டு, அதில் தெரியும் பிம்பத்தின் அளவிலிருந்து வளைவைக் கணிக்கும் முறையை ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1850களில் செம்மைப்படுத்தினார். ஜாவல், ஷியோட்ஸ் இருவரும் 1881இல் அதனை மருத்துவமனைப் பயன்பாட்டுக்குரிய கருவியாக்கினர். அக்கருவி அளந்தது கருவிழியின் நடுவே ஏறத்தாழ 3 மி.மீ. பரப்பை மட்டுமே.

கெவின் டூஹி 1948இல் கருவிழியின் மேல் மட்டும் அமரும் பிளாஸ்டிக் வில்லையை உருவாக்கினார். எந்த வளைவுள்ள வில்லை யாருக்குப் பொருந்தும் என்பதைக் கருவிழி அளவே முடிவு செய்தது. ஆனால் அளவைக் கொண்டு தேர்ந்த வில்லை, நாளடைவில் அந்த அளவையே மாற்றியது. கருவிழிக்கு இரத்தநாளம் இல்லை. விழித்திருக்கும்போது தனக்கு வேண்டிய ஆக்சிஜனைப் பெரிதும் காற்றிலிருந்தே அது பெறுகிறது. அக்காலக் கடின வில்லை அதனைத் தடுத்தது, கருவிழி வீங்கியது. வில்லையின் அழுத்தமும் சேர வடிவம் திரிந்தது. 1960களிலேயே மருத்துவர்கள் இத்திரிபைப் பதிவு செய்தனர். விக்டெர்லேயின் மென்வில்லையும், பின்வந்த காற்றுபுகும் வில்லைகளும் இதனைக் குறைத்தன, முற்றிலும் நீக்கவில்லை.

தொடக்கத்தில் இப்பிழையின் விலை பொருந்தாத ஒரு மூக்குக்கண்ணாடி, அதை மாற்றிக்கொள்ளலாம். ஹெரால்டு ரிட்லி 1949இல் கண்ணுக்குள் செயற்கை லென்ஸ் பொருத்தியபின் நிலைமை மாறியது. 1980இல் வந்த எஸ்.ஆர்.கே. சூத்திரம் கருவிழியின் திறனை 0.9ஆல் பெருக்கிக் கணக்கில் கழித்தது. அதாவது அளவில் 1 டயாப்டர் பிழை நேர்ந்தால், கண்ணுக்குள் நிலையாக அமரும் லென்ஸில் 0.9 டயாப்டர் பிழை. கருவிழியின் வளைவு ஆரம் 7.8 மி.மீ.இலிருந்து 7.9 ஆனாலே திறன் அரை டயாப்டருக்குச் சற்று மேல் குறைந்துவிடும்.

1980களில் கணினிவழி வண்ண வரைபடங்கள் வந்தபின்னரே திரிபின் முழு உருவம் தெரிந்தது. மேலேறி அமர்ந்த வில்லை, கருவிழியின் மேற்பகுதியைத் தட்டையாக்கிக் கீழ்ப்பகுதியைச் செங்குத்தாக்கும். படத்தில் அது கூம்புக் கருவிழி நோயைப் போலவே தோன்றும். நடுப்பகுதியை மட்டும் அளந்த பழைய கருவிக்கு இது முழுமையாகப் புலப்பட்டிருக்க வழியில்லை.

இவ்வரலாறு சித்தூர்ப் பகுதிக்கு எவ்வாறு பொருந்துகிறது? 1911 வரை வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகர் சித்தூர். திருப்பதியும் அம்மாவட்டத்தில்தான் இருந்தது. மாகாணத்தின் பெரிய கண் மருத்துவமனையோ 1819இல் தொடங்கிய சென்னை மருத்துவமனை. பின்னாளில் அது எழும்பூரில் நிலைபெற்றது. 1960இல் ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவக் கல்லூரியும், அண்மையில் அரவிந்த் கண் மருத்துவமனையும் வந்தபின் திருப்பதியே சிகிச்சை மையமாயிற்று. தொலைவு குறைந்தது, காத்திருப்பு குறையவில்லை. லேசர் சிகிச்சைக்கான முதற்பரிசோதனைக்கு முன் மென்வில்லையை 2 வாரமும், காற்றுபுகும் வில்லையை 3 வாரமும், கடின வில்லையை 4 வாரமும் விலக்க வேண்டும் என்கிறது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம். கருவிழி தன் இயல்புக்குத் திரும்ப அத்தனை நாள் ஆகலாம்.

குப்பத்திலிருந்தோ பலமநேரிலிருந்தோ பேருந்தேறி வருபவரிடம் அளவுக் கருவியின் முன் அமர்த்தியபின் இக்கேள்வியைக் கேட்டால், அவருக்கு ஒரு நாள் கூலியும் பயணமும் வீண். கேட்காமலே அளந்தால் இழப்பு அதனினும் பெரிது. மாணவப் பருவத்திலேயே வில்லை அணியத் தொடங்கிய தலைமுறை கண்புரை வயதை எட்டும்போது இத்தேவை இன்னும் மிகும். ஆகவே கேள்வி எழ வேண்டிய இடம், வரும் நாளைக் குறித்துக் கொடுக்கும் மேசை. எந்தக் கருவியும் அளப்பது அந்த நொடியில் இருக்கும் கண்ணை. அதற்கு முந்தைய வாரங்களை நோயாளிதான் சொல்ல வேண்டும்.